இருபது பவுண்டு

பணி ஓய்வுக்குப் பிறகு நான் குடியிருப்பது பிள்ளைச்சாவடியில். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், காலாப்பட்டுக்குச் சற்று முன்னர் இந்த மீனவர் ஊரைக் கடந்திருப்பார்கள். கடல் அரிப்பைப் பற்றிய செய்திகளில் இதன் பெயர் அவ்வப்போது அடிபடும். இங்கு வீசும் உப்புக்காற்றில் இரும்பு நெடுநாள் தாங்குவதில்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரு தகரக் கொட்டகைக்குள், தொண்ணூறு வயதை எட்டிய கார் ஒன்றை ஒருவர் நான்கு ஆண்டுகள் உழைத்து மீட்டெடுத்திருக்கிறார் என்பதைக் கடந்த மாதம்தான் அறிந்தேன்.

அது 1930-களில் இங்கிலாந்தில் தயாரான ரோல்ஸ்-ராய்ஸ். 20/25 என்னும் வகையைச் சேர்ந்தது. 1929 முதல் 1936 வரை அவ்வகைக் கார்கள் உற்பத்தியாயின. ஆறு சிலிண்டர்கள், இரண்டு கதவுகள், பின்னுக்கு மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. அதன் உரிமையாளர் உள்நாட்டு ஊரொன்றில் வாழும் வணிகர். இப்போது அதை விற்க விரும்புகிறார். வாங்க வருபவர்களுக்குக் கொடுப்பதற்காகக் காரைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு ஒன்று வேண்டும். அதை நான் எழுதித் தர வேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார். பொருளாதாரப் பேராசிரியருக்குப் பொருளின் மதிப்பைச் சொல்லத் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

அவர் என் பழைய மாணவர். என்னை இன்றும் ஐயா என்றே அழைக்கிறார். அவரை நான் எவ்வாறு இழந்தேன் என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில், அந்தக் காரின் முகப்பில் பெயர் பொறிக்கப்பட்டுள்ள இருவருள் இரண்டாமவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறிப்பு எழுதுவதற்காக அவருடைய வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கிய நான், கடந்த சில வாரங்களாக அதைவிட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறேன்.

ரோல்ஸ்-ராய்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆல்வார் மன்னர் அந்தக் கார்களைக் குப்பை அள்ள அனுப்பினார் என்ற கதை. வெள்ளைக்காரனின் அகந்தையை ஒடுக்கியதாகப் பெருமிதத்தோடு பகிரப்படும் அக்கதைக்கு உறுதியான சான்று எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. ஆனால், அந்தக் காரை உருவாக்கியவர் வறுமையின் அடித்தளத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி என்ற உண்மைக்குச் சான்றுகள் நிறைய உள்ளன. அதை நாம் பகிர்வதில்லை.

பிரெடரிக் ஹென்றி ராய்ஸ் 1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகிலுள்ள ஆல்வால்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை மாவு ஆலை நடத்தினார், அது நொடித்தது. பிழைப்புத் தேடி லண்டனுக்குச் சென்ற தந்தை 1872-இல் ஏழையர் விடுதியில் இறந்தார். அப்போது சிறுவனுக்கு ஒன்பது வயது. ரயில் நிலையக் கடைக்காகச் செய்தித்தாள் விற்றான். பின்னர் அஞ்சல் துறையில் தந்தி கொண்டுசெல்லும் பையனானான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவன் பள்ளியில் கழித்த காலம் ஏறத்தாழ ஓர் ஆண்டு.

தந்தி கொடுக்க அவன் நடந்த தெருக்கள் லண்டனின் செல்வர் வாழும் மேஃபேர் பகுதியைச் சேர்ந்தவை. 1877-இல் அதே பகுதியில், ஒரு பிரபுக் குடும்பத்தில் சார்லஸ் ரோல்ஸ் பிறந்தார். பின்னாளில் ஒரே இணைப்புக்கோட்டால் கட்டப்படப்போகும் இரண்டு பெயர்களில் ஒன்று மாளிகைக்கு உள்ளேயும் மற்றொன்று அதன் வாசற்படியிலும் இருந்த காலம் அது.

ராய்ஸின் வாழ்க்கையைத் திருப்பியது உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் உதவி. ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டணம் செலுத்தி, பீட்டர்பரோவில் இருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பணிமனையில் அவரைத் தொழில் பழகுநராகச் சேர்த்துவிட்டார். 1870-களின் இறுதி அது. பகலில் நீராவி எஞ்சின்களின் நடுவே அரம் பிடித்து உலோகம் ராவக் கற்றார். மாலையில் கணக்கும் மின்னியலும் தாமே படித்தார். மூன்றாண்டுகள் கழிந்ததும் அப்பெண்மணியால் மேற்கொண்டு பணம் கட்ட முடியவில்லை. பயிற்சி பாதியில் நின்றது. கையில் சான்றிதழ் இல்லை.

இன்றைய நம் கல்விப் புள்ளிவிவரங்களின் மொழியில் சொன்னால் அவர் ஓர் இடைநின்றவர். அந்தச் சொல்லோடு கோப்பை மூடிவிடுவதுதான் நம் வழக்கம்.

வேலை தேடி வடக்கே சென்றவருக்கு லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் வாரம் 11 ஷில்லிங் கூலி கிடைத்தது. அதன்பின் லண்டனில் ஒரு மின்விளக்கு நிறுவனம், அங்கிருந்து லிவர்பூலில் தெருக்களுக்கு மின்விளக்கு அமைக்கும் வேலை. அந்த நிறுவனமும் மூடப்பட்டது. மின்சாரம் அன்று புதிய துறை. அதில் பட்டங்களைவிடக் கைகளுக்கே தேவை அதிகம் இருந்தது. 1884-இல் எர்னஸ்ட் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு சேர்ந்து மான்செஸ்டரின் குக் தெருவில் சிறு பட்டறை தொடங்கினார். நண்பரின் முதல் 50 பவுண்டு. ராய்ஸின் சேமிப்பு 20 பவுண்டு. ஒரு காலத்தில் அவருக்காக ஓர் உறவினர் ஓராண்டுக்குக் கட்டிய தொகையும் இதுவே.

இருவரும் பட்டறைக்கு மேலேயே தங்கினர். மின்சார மணிகள், விளக்குப் பொருத்திகள் என்று தொடங்கி, டைனமோக்கள், மின்சாரப் பாரந்தூக்கிகள் என்று வளர்ந்தனர். ராய்ஸின் டைனமோக்கள் பழுதின்றி நெடுங்காலம் ஓடுபவை என்று பெயரெடுத்தன. அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறர் கண்டுபிடித்ததை எடுத்து, அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் இவ்வாறு இருக்க வேண்டும் என்று கேட்டு, மாற்றி, மீண்டும் மாற்றி, மேலும் திருத்த முடியாது என்ற நிலைக்குக் கொண்டுசெல்வதே அவருடைய மேதைமை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய, அமெரிக்க மின்பொருட்கள் மலிவு விலையில் இங்கிலாந்துச் சந்தையை நிறைத்தன. பொருளாதாரப் பாடநூலின்படி ராய்ஸுக்கு இரண்டு வழிகள் இருந்தன: தரத்தைக் குறைத்து விலையைக் குறைப்பது, அல்லது தொழிலை விட்டு விலகுவது. அவர் இரண்டையும் செய்யவில்லை. தரத்துக்கு விலை கொடுக்கத் தயாராக உள்ளவர்கள் இருக்கும் வேறொரு பொருளைத் தேடினார்.

அந்தத் தேடல் வேளையில்தான் டெகோவில் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அது அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. இரைச்சல், அதிர்வு, நம்பகமின்மை. அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பகுதியையும் மேம்படுத்தி, தாமே மூன்று கார்களைச் செய்யத் துணிந்தார். முதலாவது கார் 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி குக் தெருப் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. அப்போது ராய்ஸுக்கு வயது நாற்பத்தொன்று.

லண்டனில் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்து விற்றுவந்த சார்லஸ் ரோல்ஸ், விற்பதற்குத் தகுதியான ஓர் ஆங்கிலேயக் கார் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். பந்தயக் கார், பலூன், விமானம் என்று வேகத்தின் மீது தீராத மோகம் கொண்டவர். 1904 மே 4 அன்று மான்செஸ்டரின் மிட்லண்ட் விடுதியில் இருவரும் சந்தித்தனர். இரண்டே சிலிண்டர் கொண்ட சிறு கார் இத்தனை அமைதியாக ஓடுமா என்று ரோல்ஸ் வியந்தார். அவ்வாண்டு டிசம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் ரோல்ஸ் விற்பார், பெயர் ரோல்ஸ்-ராய்ஸ். 1906-இல் அது நிறுவனமாகப் பதிவாயிற்று. விற்பவரின் பெயர் முதலிலும் செய்பவரின் பெயர் பின்னாலும் வந்தன. வணிக உலகில் இது வியப்புக்குரிய வரிசை அல்ல.

இவர்களை இணைத்து நிறுவனத்தை வழிநடத்தியவர் கிளாட் ஜான்சன். வில்லா, வெள்ளியா என்று ஐயுறும் வகையில் ஒரு காருக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்து, சில்வர் கோஸ்ட் என்று பெயரிட்டு, 1907-இல் சாலைகளில் இரவு பகலாக ஓடவிட்டார். ஏறத்தாழ 15,000 மைல் தூரம் ஓடிய பின்னும் அதன் உறுப்புகளில் மிகச் சிறிய தேய்மானமே காணப்பட்டது. நிறுவனம் 1908-இல் டெர்பி நகரின் புதிய தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது. அந்த வகைக் கார் ஏறத்தாழ இருபதாண்டுகள் உற்பத்தியில் இருந்தது.

புகழ் உச்சியை நெருங்கிய வேளையில் இரண்டு அடிகள் விழுந்தன. 1910 ஜூன் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நிற்காமல் பறந்து கடந்து, நிற்காமலேயே திரும்பி வந்து சாதனை படைத்த ரோல்ஸ், அடுத்த மாதமே போர்ன்மவுத்தில் நடந்த விமான விபத்தில் மாண்டார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அடுத்த ஆண்டில் ராய்ஸின் உடல் முறிந்தது. பல்லாண்டுகள் வேளைக்கு உண்ணாமல், உறங்காமல் உழைத்ததன் விளைவு. பட்டறைப் பையன் ஒருவன் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே அலைய வேண்டியிருந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். 1912-இல் பெரிய அறுவைச் சிகிச்சை. அதன்பின் அவர் நெடுங்காலம் வாழமாட்டார் என்றே மருத்துவர்கள் கருதினர்.

அவர் அதற்குப்பின் இருபத்தோராண்டுகள் வாழ்ந்தார். ஆனால், டெர்பி தொழிற்சாலையில் அவர் மீண்டும் வழக்கமான பணியாளராக இருக்கவில்லை. குளிர்காலத்தைப் பிரான்சின் தென்கரையில் லெ கனடெல் என்ற இடத்திலும், மற்றக் காலத்தை இங்கிலாந்தின் தென்கரையிலும் கழித்தார். 1917 முதல் மேற்கு விட்டரிங் என்ற கடலோரச் சிற்றூர் அவர் இருப்பிடமாயிற்று. வடிவமைப்பாளர்கள் சிலர் அவர் வீட்டருகே குடியமர்த்தப்பட்டனர். அவர் சிந்திப்பார், அவர்கள் வரைவார்கள், வரைபடங்கள் டெர்பிக்குச் செல்லும், செய்து பார்த்த உறுப்புகள் அவரிடம் திரும்பி வரும். வேலை செய்வதற்கு அலுவலகம் போக வேண்டுமா என்று இன்று நாம் விவாதிக்கிறோம். நூறாண்டுகளுக்கு முன்பே நோயாளி ஒருவர் கடற்கரை வீட்டிலிருந்து உலகின் தலைசிறந்த தொழிற்சாலைகளுள் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார்.

முதல் உலகப் போரின்போது 1915-இல் அவர் வழிகாட்டலில் ஈகிள் என்ற விமான எஞ்சின் உருவானது. 1919 ஜூன் மாதத்தில் அல்காக், பிரௌன் என்ற இருவர் அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முறையாக நிற்காமல் பறந்து கடந்தபோது, அவர்களைச் சுமந்து சென்றவை இரண்டு ஈகிள் எஞ்சின்களே. 1929-இலும் 1931-இலும் ஷ்னைடர் கோப்பை விமானப் பந்தயங்களில் வென்றதும் அவருடைய நிறுவனத்தின் எஞ்சின்தான். 1931-இல் அதைப் பொருத்திய கடல்விமானம் மணிக்கு 650 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக உருவானதே மெர்லின் எஞ்சின். 1940-இல் ஜெர்மானிய விமானத் தாக்குதலிலிருந்து பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் இதயம் அது. அது முதன்முதலில் இயங்கியதைப் பார்க்க ராய்ஸ் உயிரோடு இல்லை.

1930-இல் அவருக்கு வழிவழியாக வரும் பேரனெட் பட்டம் வழங்கப்பட்டது. பட்டத்தை ஏற்க வாரிசு இல்லை. அது அவரோடு முடிந்தது. மணவாழ்க்கையும் நோய்க்காலத்தில் பிரிவில் முடிந்திருந்தது. இறுதிவரை அவரைப் பேணியவர் எத்தல் ஆபின் என்ற செவிலி. பட்டங்கள் வந்த பிறகும் தம்மை ஒரு மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதையே அவர் விரும்பினார். 1933 ஏப்ரல் 22 அன்று எழுபதாம் வயதில் மேற்கு விட்டரிங்கில் காலமானார். படுக்கையிலிருந்தபடியே இறுதி நாட்களிலும் காரின் அதிர்வுதாங்கிக்கான வரைபடம் ஒன்றை வரைந்தார் என்பர். அவருடைய அஸ்தி, பிறந்த ஊரான ஆல்வால்ட்டனின் தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

காரின் முகப்பில் உள்ள இரண்டு ஆர் எழுத்துகளின் நிறம் அக்காலத்தில் சிவப்பிலிருந்து கறுப்பாக மாறியது. ராய்ஸின் மறைவுக்கான துக்கக் குறி அது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுக்கும் வண்ணங்களோடு சிவப்பு ஒத்துப்போகவில்லை என்பதால் எடுக்கப்பட்ட முடிவு அது. இறந்தவருக்காக எழுத்தின் நிறத்தை மாற்றியதாக நம்ப மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பதே இதில் எனக்குச் சுவையாக இருக்கிறது.

இந்த வாழ்க்கையைப் போற்றி மட்டும் எழுதுவது நேர்மையாகாது. எது வந்தாலும் தரத்தில் இறங்கக் கூடாது என்ற பிடிவாதம் அவருடைய உடலையும் குடும்பத்தையும் தின்றது. அந்தப் பிடிவாதம் நிறுவனத்தின் மரபாகவும் நிலைத்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்க விமானம் ஒன்றுக்காக ஆர்பி 211 என்ற புதிய எஞ்சினை முன்கூட்டியே நிர்ணயித்த விலையில் வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆய்வுச் செலவு கணக்கை மீறியது. 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் திவால் நிலையை அறிவித்தது. தனியார் தொழிலில் தலையிடுவதில்லை என்ற கொள்கையுடைய கன்சர்வேடிவ் அரசே அதை நாட்டுடைமையாக்க நேர்ந்தது. பின்னாளில் அதே எஞ்சின் பெரும் வெற்றி பெற்றது என்பது வேறு கதை. தரம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்பதும், சந்தை எல்லாவற்றையும் சரியாக மதிப்பிடும் என்பதும் ஒரே அளவு பாதி உண்மைகள் என்று என் வகுப்புகளில் இந்த நிகழ்வைச் சொல்வதுண்டு.

இனிக் கொட்டகைக்குத் திரும்புவோம். அந்தக் காரின் மதிப்பு என்ன?

டேவிட் ரிக்கார்டோ 1817-இல் வெளியிட்ட தம் நூலில் பொருட்களை இரண்டாகப் பிரித்தார். பெரும்பாலான பொருட்களின் மதிப்பை உழைப்பு தீர்மானிக்கிறது. அரிய சிலைகள், ஓவியங்கள், தனித்தன்மை வாய்ந்த மது போன்ற சிலவற்றை மட்டும் எவ்வளவு உழைத்தாலும் மேலும் உண்டாக்க முடியாது. அவற்றின் விலையை அருமையும் வாங்குவோரின் செல்வமும் விருப்பமுமே தீர்மானிக்கும். பழைய கார்கள் இந்த இரண்டாம் வகை என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இந்திய மன்னர்கள் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இவற்றை விரும்பி வாங்கினர். ராஜ்கோட் அரசருக்காக 1934-இல் செய்யப்பட்டு, இந்தியாவின் நட்சத்திரம் என்று பெயர் பெற்ற கூரை மடக்கும் ரோல்ஸ்-ராய்ஸ், பிற்காலத்தில் வெளிநாட்டுக்குப் போய், பின்னர் அக்குடும்பத்தாராலேயே மீண்டும் வாங்கப்பட்டு ஊர் திரும்பியது. இத்தகைய வரலாறு ஒவ்வொன்றும் விலையை ஏற்றுகிறது.

ஆனால், கொட்டகையில் நின்றபோது ரிக்கார்டோவின் பிரிவு எனக்குப் போதவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கார் லாரியில் வந்து இறங்கியபோது எடைக்குப் போடும் இரும்பாகவே இருந்தது. அதன் படங்களை எனக்குக் காட்டினார்கள். அருமைப்பாடு அன்றும் இருந்தது, மதிப்புதான் இல்லை. இடையில் சேர்ந்தது உழைப்பு.

அந்நாளில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் எஞ்சினும் சட்டகமும் மட்டுமே விற்றது. உடற்பகுதியை வாடிக்கையாளர் தனியே ஒரு வண்டிக் கட்டுநரிடம் செய்துகொள்ள வேண்டும். 1840-இல் தொடங்கிய சென்னை சிம்ப்சன் நிறுவனம்கூட இத்தகைய வண்டி கட்டும் தொழிலில் பெயர் பெற்றதே. உலோகத் தகட்டுக்கு அடியில் மரச்சட்டம் இருக்கும். இந்தக் காரில் அந்த மரம் மக்கிப்போயிருந்தது. மிஞ்சிய துண்டுகளை அளந்து, தேக்கில் முழுச் சட்டத்தையும் தச்சர் ஒருவர் மீண்டும் இழைத்திருக்கிறார். கிடைக்காத பற்சக்கரங்களையும் ஆணிகளையும் லேத் பட்டறைக்காரர் கடைந்திருக்கிறார். தகட்டின் நெளிவுகளை டிங்கரிங் செய்பவர் மரச் சுத்தியலால் தட்டி எடுத்திருக்கிறார். மடக்குக் கூரையின் துணியையும் தோல் இருக்கைகளையும் தைத்தவர், வழக்கமாக வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் குஷன் தைப்பவர். எஞ்சினின் தாங்கிகளுக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றியவர் என் மாணவர். எஞ்சினை இயக்கிக் காட்டியபோது அதன் ஓசையைக் கடலின் ஓசையிலிருந்து பிரித்தறியச் சற்று நேரம் பிடித்தது.

இந்த மாணவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1990-களில் அவர் இளங்கலைப் பொருளாதாரம் இரண்டாமாண்டு படித்தார். தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை நின்றபோது வீட்டில் வருமானம் நின்றது. மகன் பகலில் ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போகத் தொடங்கினார். வருகைப் பதிவு குறைந்தது. கட்டணமும் கட்டவில்லை. துறைத் தலைவர் என்ற முறையில் அவர் பெயரை நீக்கும் தாளில் கையெழுத்திட்டவன் நான். விதிப்படி அது சரி. ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் அவரை அழைத்து நான் கேட்கவில்லை என்பது விதியில் இல்லாத தவறு. அக்காலத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரை, வேலையின்மையும் கல்வி இடைநிற்றலும் பற்றியது. வகுப்பறையின் மூன்றாம் வரிசையில் இருந்த காலியிடம் என் கண்ணில் படவில்லை.

அவர் இதை எனக்கு நினைவுபடுத்தவில்லை. ராய்ஸின் கதையை நான் அவரிடம் சொன்னபோது, மூன்றாமாண்டில் பணம் நின்றுபோன இடத்தில் மட்டும் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்திருந்த விளக்கை மறுபடியும் துடைத்தார். நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

ராய்ஸ் பிழைத்தது எதனால்? உறவினர் ஒருவர் கட்டிய இருபது பவுண்டு, மூன்று ஆண்டுகள். பட்டமில்லாதவரையும் ஏற்றுக்கொண்ட ஒரு புதிய தொழில்துறை. சரக்கை விற்கத் தெரிந்த ஒரு செல்வந்தர். நிறுவனத்தைக் கட்டிக்காத்த ஒரு நிர்வாகி. இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அவர் பெயரில்லாத தொழிலாளியாக மறைந்திருப்பார். அவரைப் போன்ற எத்தனையோ பேர் அவ்வாறே மறைந்திருக்கிறார்கள். கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடராமலேயே பேருந்துத் தொழிலிலும் இயந்திரவியலிலும் சாதித்தவர் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். விதிவிலக்குகளைக் கொண்டாடுவது எளிது. விதியை மாற்றுவதே அரிது.

நம் நாட்டில் தொழில் பழகுநர் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. ஆயினும் பெரிய தொழிற்சாலைகளுக்கு வெளியே, தகரக் கொட்டகைகளில் கற்றுக்கொள்ளும் இளைஞர்களுக்குச் சான்றிதழும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. கல்லூரியிலிருந்து இடையில் வெளியேறுவோருக்கு என்ன சான்று தரலாம் என்று விவாதிக்கிறோம். வெளியேறியவர் முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ மாலை வேளையில் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று விவாதிப்பதில்லை. பட்டறையில் கழித்த ஆண்டுகளைக் கல்வியாகக் கணக்கிடும் முறையும், வருகை குறைந்த மாணவரின் பெயரை நீக்கும் முன் ஒரு முறையாவது அவர் வீட்டுக்குச் சென்று வரும் கடமையும் நம் கல்லூரிகளுக்கு வேண்டும். இரண்டாவதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

மேலும் ஒன்று. பழமையான வாகனங்களுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குத் தனி எண் வரிசை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை. காரின் மரபைக் காக்க விதி இருக்கிறது, நல்லதே. அந்த மரபைக் காக்கும் கைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். விலையை நான் குறிப்பிடவில்லை. அது உரிமையாளருக்கும் வாங்குபவருக்கும் உரிய செய்தி. முதல் பக்கத்தில் எஞ்சினின் விவரம். இரண்டாம் பக்கத்தில், ஓராண்டு மட்டுமே பள்ளிக்குச் சென்ற ஒரு தந்திப் பையனின் வரலாறு. மூன்றாம் பக்கத்தில் மீட்டெடுத்த பணியின் விவரம். நான்காம் பக்கத்தில் ஐந்து பெயர்களை எழுதினேன்: தச்சர், லேத் பட்டறைக்காரர், டிங்கரிங் செய்தவர், குஷன் தைத்தவர், என் மாணவர். விற்பனைக் குறிப்பில் வேலைக்காரர்களின் பெயரைப் போடும் வழக்கமில்லையே என்று உரிமையாளர் தயங்கினார். காரின் முகப்பில் இருக்கும் இரண்டாவது ஆர் எழுத்தும் ஒரு வேலைக்காரரின் பெயர்தான் என்று எடுத்துச் சொன்னேன். சற்று யோசித்து ஒப்புக்கொண்டார்.

அந்தக் கார் விரைவில் விற்றுவிடும். எங்கோ தொலைவிலுள்ள ஒரு செல்வரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். பிள்ளைச்சாவடியின் உப்புக்காற்றில் கொட்டகை மட்டும் இருக்கும். என் மாணவரின் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்லூரியில் பொருளாதாரம் சேரலாமா, இயந்திரவியல் சேரலாமா என்று என்னிடம் கேட்டாள். எதில் சேர்ந்தாலும், இடையில் ஒரு நாள் வகுப்புக்கு வர முடியாமல் போனால் எனக்குச் சொல் என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவள் தந்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)